சிவப்புத் தையல் வண்டியில் கட்டுச்சோறு

என் மனைவியிடம் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது எது என்று யோசிக்க வேண்டியதில்லை. "சாதா மாடலுக்கு ஆறு மாசம் வெயிட்டிங்காம்" என்பதுதான் அது. சொன்னபோது எனக்கு வயது அறுபத்தெட்டு. ஓசூர்த் தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அவற்றைச் சோதிக்கும் பிரிவுக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். பொறியியலில் இரண்டு பட்டம். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

எங்கள் ஒரே மகளைக் காவேரிப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சம்பந்திக்கு மாந்தோப்பு. மாப்பிள்ளை கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்த அன்றே என் மனைவி இரண்டு முடிவுகளை எடுத்துவிட்டாள். பிரசவம் நம் வீட்டில் இருந்துதான். நம் பழைய காரில் அவளை ஏற்றக்கூடாது. பழைய கார் தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே உட்கார்ந்தவர் வெளியே வர இன்னொருவர் கைகொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழு வகைச் சோறு. அங்கே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டு, பெண்ணுக்கு வளையல் அடுக்கி, போன வண்டியிலேயே அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். புது வண்டி வாங்கியதே இந்த ஒரு பயணத்துக்காகத்தான். அதை என் மனைவி ஒருநாளும் மறக்கவில்லை. நான்தான் ஷோரூமில் கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

ஷோரூமில் வெள்ளை நிறத்தில் ஒரு எஸ்.யூ.வி. நின்றது. என் மனைவி ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். இருக்கையை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தாள். "இது போதுங்க" என்றாள். காய்கறிக் கடையிலும் அவள் அப்படித்தான். ஒரு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தால் வியாபாரம் முடிந்தது. உடனே மகளுக்குப் பருத்தி நைட்டி எடுக்கப் பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாள். அவள் போன அந்த இடைவெளியில்தான் நான் கெட்டேன்.

வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் அதே வண்டி கருஞ்சாம்பல் நிறத்தில் நின்றது. முகப்பில் சிவப்பில் 'ஸ்போர்ட்' என்று ஒரு பட்டை. கறுப்புச் சக்கரங்கள். உள்ளே கறுப்பு இருக்கைகளில் சிவப்பு நூலால் தையல். நான் அதைச் சுற்றி வந்தேன். விற்பனைப் பிரிவில் இருந்த பெண் ஓடி வந்து தடுத்தாள்.

"அது வேணாம் சார். அது யூத்துக்கு."

"ஏம்மா, வயசானவங்களுக்கு விக்க மாட்டீங்களா?"

"ஐயோ, அப்படி இல்ல சார். இதுல சஸ்பென்ஷன் கொஞ்சம் விறைப்பா இருக்கும். மேடம் இதுல கஷ்டப்படுவாங்க. உங்களுக்கு அதெல்லாம் புரியாது, நான் சொல்றேன் சார்..."

சஸ்பென்ஷன் எனக்குப் புரியாதாம். நான் அவளை நிற்க வைத்து, ஸ்பிரிங் என்றால் என்ன, அது எவ்வளவு அமுங்க வேண்டும், ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் எப்படி ஓடுகிறது என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவளும் பொறுமையாகத் தலையாட்டினாள். வகுப்பு முடிந்த சூட்டில், எனக்குப் புரியும் என்று நிரூபிப்பதற்காக, அந்த வண்டிக்கே முன்பணம் கட்டிவிட்டேன். அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

நைட்டிப் பையோடு திரும்பிய மனைவியிடம் அந்த ஆறு மாதக் கதையைச் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஆறு மாசம்னா குழந்தையே பிறந்துடுமே!" என்று பதறினாள். "அதான். இது ஒண்ணுதான் உடனே கிடைக்குதாம்" என்றேன். "சரி, கிடைச்சதை எடுத்துடுங்க. நல்லவேளை, இதாவது இருந்துச்சே" என்றாள். அந்த 'நல்லவேளை' இன்றைக்கும் என் காதில் விழுகிறது.

இந்த மாதிரி வண்டிகள் உண்மையில் பந்தயக் குணம் உள்ளவைதானா என்று கேட்பவர்களுக்கு, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் நான் பதில் சொல்லலாம். குடும்பத்துக்கென்று வடிவமைத்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறார்கள். உயரமானது, கனமானது, தாத்தா பாட்டி முதல் தண்ணீர் கேன் வரை ஏற்றக்கூடியது. அதன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் குட்டையாக்கி விறைப்பாக்குகிறார்கள். பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் போடுகிறார்கள். எஞ்சினைக் கொஞ்சம் உசுப்பிவிடுகிறார்கள். பின்னால் இரண்டு புகைக்குழாய் தெரியும். என் வண்டியில் அதில் ஒன்று வெறும் மூடி. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னாலிருக்கும் திரை சிவப்பாகும், ஸ்டீயரிங் கனக்கும், எஞ்சின் உறுமல் ஸ்பீக்கர் வழியாக வரும். வெளியே நிற்பவனுக்கு அந்த உறுமல் கேட்காது. திருப்பங்களில் வண்டி முன்னைவிடக் கொஞ்சம் சாயாமல் போகும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஓசூரில் திருப்பம் எங்கே இருக்கிறது? இங்கே இருப்பது வேகத்தடை.

நான் வாங்கிய ஒரு வாரத்தில் சம்பந்தி போனில் இதையே வேறு மாதிரி சொன்னார். அவர் ஊர்ப்பக்கம் தை மாதம் எருது விடுவார்கள். வாடிவாசலோ பிடிப்பதோ கிடையாது. குறித்த தூரத்தைக் காளை எவ்வளவு சீக்கிரம் ஓடிக் கடக்கிறது என்பதுதான் பந்தயம். அவரே இரண்டு காளை வைத்திருந்தவர்.

"சம்பந்தி, எருது விடறதுக்குன்னு ஒரு காளை வளப்போம். அத்த ஏர்ல பூட்ட மாட்டோம், வண்டில பூட்ட மாட்டோம். அது வேலையே ஓடறதுதான். நீங்க இன்னா பண்ணிக்கீறீங்க? பால் கறக்கற எருமைக்குக் கொம்புல செவப்பு பெயின்ட் அடிச்சி எருது விடற எடத்துக்கு ஓட்டிக்கினு வந்துக்கீறீங்க."

"அப்படி இல்ல சம்பந்தி. எஞ்சின்லயே..."

"எருமைக்குக் கோவம் வந்தா அதுவுந்தான் ஓடும். ஆனா பால் நின்னு போயிடும், பாத்துக்குங்க."

எங்கள் தெருவிலும் மரியாதை அதற்கு மேல் இல்லை. எதிர்வீட்டுக்காரர் கன்னடம் பேசுபவர். வண்டியைப் பார்த்ததும், "யாக்கெ சார் ரேஸ் காரு, ஈ வயசல்லி?" என்றார். இந்த வயதில் ரேஸ் கார் எதற்கு என்று அர்த்தம். நான் பதில் சொல்லாமல் எஞ்சினை உறுமவிட்டேன். வெளியே கேட்காது என்று சொன்னேன் அல்லவா? அவர் இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நான்கு மாதம் என் மனைவி அந்த வண்டியில் எப்படி வந்தாள் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணை மூடித் திறப்பாள். ஒருமுறை ராயக்கோட்டைச் சாலையில், "ரோடு மோசமாங்க, வண்டி மோசமா?" என்று கேட்டாள்.

"ரோடுதான்."

பிறகு நல்ல நெடுஞ்சாலையில் ஏறினோம். ஒரு பாலத்தின் மேல் வண்டி தடதடவென்று அதிர்ந்தது.

"இது?"

"இது பாலத்தோட ஜாயின்ட்."

"அந்தக் காருக்கு மட்டும் ஜாயின்ட் இல்லையா?" முன்னால் ஒரு பழைய கார் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அவன் மெதுவாப் போறான்."

"நாமளும் அவனுக்குப் பின்னாலதாங்க போறோம்."

நான் பாட்டு வைத்தேன்.

கட்டுச்சோற்று நாள் வந்தது. உறவினர்கள் ஒரு வேனில் முன்னதாகப் புறப்பட்டுவிட்டார்கள். சோற்றை மட்டும் என் மனைவி வேனில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. அது பெற்றவர்கள் கையால் போக வேண்டியது என்றாள். அதிகாலையில் எழுந்து ஏழு வகையும் அவளே சமைத்து, போசி என்று நாங்கள் சொல்லும் எவர்சில்வர் பாத்திரங்கள் ஏழில் எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு போசியின் வாயையும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கட்டுச்சோறு என்று பெயர் வந்ததே அப்படிக் கட்டுவதால்தான். எனக்கோ நல்ல நேரம் போய்விடும் என்ற அவசரம்.

"மூடி போட்டாப் போதும், வா. பின்னால ஆடாம அசையாம நிக்கும்."

"நிக்குமா?"

"நான் முப்பது வருஷம் இதைத்தான் சோதிச்சேன்."

அவள் கிழித்த துணியை மடித்து வைத்துவிட்டு வந்து ஏறினாள். அவளுக்கு என் தொழில்மேல் எப்போதும் மரியாதை உண்டு.

சூளகிரி தாண்டி மேம்பால வேலை நடக்கும் இடத்தில் வண்டிகள் சர்வீஸ் சாலையில் இறங்கி ஊர்ந்தன. அது முடிந்து நேர்சாலை வந்ததும் எனக்கு முன்னால் தக்காளி ஏற்றிய ஒரு மினி லாரி. பேரிகை ஊர்ப்பக்கத்துச் சரக்கு. பிளாஸ்டிக் பெட்டிகளை வானம் தொட அடுக்கி, கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிவிடலாம் என்று பொத்தானை அழுத்தினேன். திரை சிவந்தது. உறுமல் கிளம்பியது.

"எதுக்குங்க இப்ப இது சத்தம் போடுது?"

"பவர்."

தாண்டினேன். உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. முதுகு இருக்கையில் ஒட்டியது. பள்ளிக்கூட நாளில் வாடகை சைக்கிளில் இறக்கத்தில் கைவிட்டு ஓட்டியது போல ஒரு நிமிடம் இருந்தது. அப்போது இடதுபக்கம் ஒரு காற்று. அதே தக்காளி வண்டி. டிரைவர் ஒரு முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு, யாருடனோ போனில் சண்டை போட்டபடி எங்களைக் கடந்து போனார். அவருடைய பம்பர் ஒரு பக்கம் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. மேலே இருந்து ஒரு தக்காளி உருண்டு வந்து எங்கள் முகப்பில், அந்தச் சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் அடித்து உடைந்தது.

என் மனைவி அந்த வண்டி மறையும் வரை பார்த்துவிட்டு, "அது என்ன மாடலுங்க?" என்று கேட்டாள்.

கிண்டலில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். சந்தை கூடும் முன் போய்ச் சேர வேண்டிய வண்டிதான் பந்தய வண்டி, மற்றதெல்லாம் அலங்காரம் என்று அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்தேன். அதன்பின் வந்த வேகத்தடைகள் இரண்டும் அவ்வளவு உயரமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பின்னால் எவர்சில்வர் சத்தம் ஒன்று கேட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து, மேளம் அடித்து வரவேற்றார்கள். மகள் பச்சைப் பட்டுப்புடவையில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போசிகளை இறக்க நாலைந்து பேர் வந்து வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். மேளம் அடித்தவர் மட்டும் சிறிது நேரம் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் எட்டிப் பார்த்து நிறுத்திவிட்டார்.

ஏழு போசியில் இரண்டு மட்டும் நேராக நின்றன. தயிர்ச்சோறு எழுந்து போய் எலுமிச்சைச் சோற்றுக்குள் இறங்கியிருந்தது. புளிச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் ஒன்றாகிவிட்டன. எள்ளுச்சோறு எல்லாவற்றின் மேலும் தூவிக் கிடந்தது. சிவப்புத் தையல் போட்ட பின்சீட்டின் முதுகில் ஒரு முழு முந்திரி ஒட்டிக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா நல்ல மனுஷி. உரத்துப் பேசமாட்டார். கரண்டியால் ஒரு போசியைக் கிளறிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏண்ணா, சோத்துக்கே இந்தக் கதின்னா, வயித்துல கீற புள்ளைக்கு இன்னா ஆவும்?"



"அதில்லம்மா. வர்றப்ப ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியிருந்தேன். அதை அணைச்சுட்டா மெத்து மெத்துன்னு ஆயிடும்" என்றேன். இது இன்னொரு பொய். அந்தப் பொத்தானுக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமே கிடையாது என்பது எனக்குத் தெரியும். கெட்ட நேரம், மாப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

"மாமா, அது எஞ்சினையும் ஸ்டீயரிங்கையும்தானே மாத்தும்? ஸ்பிரிங்கு அப்படியேதானே இருக்கும்?" என்று பணிவாகக் கேட்டார். பணிவாகக் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

சம்பந்தியம்மா என் மனைவி பக்கம் திரும்பி முடிவைச் சொல்லிவிட்டார். "சம்பந்தியம்மா தப்பா நெனைக்கக் கூடாது. இந்த வண்டில இவள அனுப்ப எனக்கு மனசு வரல. இங்கயே இருக்கட்டும். கிருஷ்ணகிரில நல்ல ஆஸ்பத்திரி கீது. நாங்க பாத்துக்கறோம்."

 நான்கு மாதமாக என் மனைவி ஒரு அறையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, வெயில் முகத்தில் படுகிறது என்று மறுபடி சுவரோரம் தள்ளி, மகளுக்குப் பிடித்த நெல்லிக்காயை உப்பில் போட்டு வைத்திருந்தாள். மகளைப் பார்த்தேன். அவள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லம்மா, நீ இங்க வந்து இருந்துடு" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சிவப்புப் பட்டைக்காக நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"இன்னாத்துக்கு இவ்ளோ நேரம்? இங்க வாங்க எல்லாம்!" என்று சம்பந்தி குரல் கொடுத்தார். மாங்காய் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு எங்களை அழைத்துப் போனார். தார்ப்பாய் போட்டு எதையோ மூடி வைத்திருந்தார். விருந்து முடிந்த பிறகு எல்லோருக்கும் காட்டலாம் என்று வைத்திருந்தாராம். தார்ப்பாயை இழுத்தார்.

உள்ளே வெள்ளை நிறத்தில் என் வண்டி நின்றது. பட்டை இல்லை, சிவப்புத் தையல் இல்லை. முகப்பில் பூமாலை வாடித் தொங்கியது.

"போன வாரந்தான் எடுத்தேன். புள்ள பொறந்தா ஆஸ்பத்திரிக்குப் போவ வர வேணுமில்ல? இதுல போவட்டும் அவ. மெத்தைல படுத்தாப்ல இருக்கும். இப்ப இன்னா சொல்ற?" என்றார் தம் மனைவியிடம்.

சம்பந்தியம்மா ஏறி உட்கார்ந்து பார்த்தார். என் மனைவியும் ஏறி, வழக்கம்போல இருக்கையை இரண்டு முறை அமுக்கினாள். "இதுல போலாம்" என்றார் சம்பந்தியம்மா. என் மனைவியின் முகம் மலர்ந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் மூச்சு வந்தது. எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டிய இடம் அது.

"எப்படிண்ணா உடனே கிடைச்சுது? இதுக்கு ஆறு மாசம் காத்திருக்கணும்னாங்களே?" என்று என் மனைவி கேட்டாள்.

சம்பந்தி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெள்ளந்தியாகச் சொன்னார். "ஆறு மாசமா? யாரு சொன்னது? கேட்ட அன்னிக்கே குடுத்தாங்க. நீங்க வாங்கின அதே கடைதான். அந்தப் பொண்ணுக்குச் சம்பந்திய நல்லா ஞாபகம் கீது. 'அன்னிக்கே வெள்ளை வண்டி ரெடியா நின்னுச்சு சார், எவ்ளோ சொல்லியும் அவரு செவப்புத் தையலுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு'ன்னு சொல்லிச்சு."

கொட்டகையில் மாங்காய்ப் பால் வாசனை. ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. என் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, சாப்பிட வாங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கலந்துபோன சோற்றையும் பரிமாறினார்கள். தயிரும் எலுமிச்சையும் கலந்தது அவ்வளவு மோசமில்லை. புளியும் சர்க்கரைப் பொங்கலும் சேர்ந்தது எனக்கென்று தனியாக இலையில் விழுந்தது. முழுவதும் சாப்பிட்டேன். பந்தி முடிந்து காபி கேட்டபோது, "வெயிட்டிங்ல இருக்கு" என்றாள் என் மனைவி.

வளையல் அடுக்கி முடிந்ததும் புறப்பட்டோம். வெள்ளை வண்டியை மாப்பிள்ளை ஓட்ட, மகளும் என் மனைவியும் சம்பந்தியம்மாவும் ஏறினார்கள். என் வண்டியின் சாவியைச் சம்பந்தி கேட்டு வாங்கிக்கொண்டார். "சும்மா ஒருவாட்டி ஓட்டிப் பாக்கறேன் சம்பந்தி" என்றார். எருமை என்று சொன்ன அதே வாய். நான் முன்சீட்டுக் கதவைத் திறந்தேன். அங்கே சம்பந்தி வீட்டில் கொடுத்த முறுக்கு நிறைந்த பெரிய தூக்கு உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தது.

"உடையாம வரணும்" என்றாள் என் மனைவி, வெள்ளை வண்டியின் ஜன்னலிலிருந்து. "நீங்க பின்னால உக்காருங்க."

அதுவரை என் வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுபவன் எதற்குப் பின்னால் உட்காரப்போகிறான்? ஊர் எல்லையைத் தாண்டும் வரை சம்பந்தி அடக்கமாகத்தான் ஓட்டினார். நெடுஞ்சாலை ஏறியதும், "அந்தப் பொத்தான் எது சம்பந்தி?" என்றார்.

"வேணாம் சம்பந்தி."

"இதுவா?"

திரை சிவந்தது. சம்பந்தியின் முகமும் சிவந்தது. "யப்பா, இன்னாமா உறுமுது!" என்றார். அதற்குப் பிறகு எனக்கு நடந்ததை முறையாக விவரிக்க முடியாது. முதல் பள்ளத்தில் தலை கூரையில் இடித்தது. இரண்டாவதில் என் மேல்வரிசைப் பல்செட்டு கழன்று நாக்கின் மேல் உட்கார்ந்தது. பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருபவனுக்குச் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போகிறது. முறுக்குத் தூக்கு மட்டும் அலுங்காமல் வந்தது.

"சம்பந்தி, மெதுவா!"

"ஓடுதுய்யா எருமை! வேகமா ஓடுது!"

"சம்பந்தி, என் இடுப்பு!"

"பாட்டு வெக்கட்டுமா?"

தொழிற்சாலையில் நாங்கள் சோதனை செய்யும்போது, பயணிகளுக்குப் பதிலாக இருக்கைகளில் மணல் மூட்டைகளை வைப்போம். இயந்திரம் நாள் முழுக்க உலுக்கும். மூட்டை வாய் திறக்காது. கிழிந்தால் வேறு மூட்டை. அந்தப் பழக்கத்தில் ஊறியவன் நான். நான்கு மாதம் எனக்குப் பக்கத்தில் ஒருத்தி பிடியைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன பாலத்து ஜாயின்ட்டையும் ரோட்டையும் நம்பிக்கொண்டு வந்தாள். அவள் எடை மட்டும்தான் என் கணக்கில் இருந்திருக்கிறது. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கோ, தலை மறுபடி கூரையில் இடித்தபோது, இதை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சூளகிரியில் வேகம் குறைந்தபோது சம்பந்தி தீர்ப்புச் சொன்னார். "எனக்கு ஒண்ணு வெளங்கிடுச்சி சம்பந்தி. ஓட்டறவனுக்குத்தான் இது ஸ்போர்ட்டு. ஒக்காந்துக்கினு வர்றவனுக்கு ஜெயிலு." இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்த ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரைகள் எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. ஆனாலும் அவர் பொத்தானை அணைக்கவில்லை.

எங்கள் தெருவில் திரும்பியபோது வெள்ளை வண்டி முன்பே வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் கீழே இறங்கி ஓரமாக நின்றார்கள். எதிர்வீட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு தயாராக வாசலில் காத்திருந்தார். யாரும் பேசவில்லை. மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்தபடியே ஓடினேன்.

"என்ன மாப்பிள்ளை? என்னாச்சு?"

"ஷ்! மெதுவா மாமா. தூங்கறா."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மகள் என் மனைவியின் தோளில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் வளையல்கள் முழங்கை வரை. சூளகிரிக்கு முன்பே தூங்கிவிட்டாளாம். மேம்பால வேலை நடக்கும் இடத்தில்கூட முழிக்கவில்லையாம். எழுப்ப மனம் வராமல், ஏ.சி.யை ஓடவிட்டு, என் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் மரத்துப் போயிருக்க வேண்டும். முகத்தில் அது தெரியவில்லை.

நான் அவள் பக்கத்துக் கண்ணாடி அருகே போய் நின்றேன். "நான் சொன்னது பொய். தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை மன்னிச்சுடு" என்றேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவள் பதறிப்போய் உதட்டின் மேல் விரலை வைத்து, தோளில் கிடந்த தலையைக் காட்டினாள்.

வாயை மூடிக்கொண்டேன். ஆரத்தித் தட்டில் கற்பூரத்தை இப்போது ஏற்றலாமா என்று எதிர்வீட்டு அம்மா சைகையில் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சம்பந்தி முறுக்குத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒன்றைச் சத்தமில்லாமல் கடிக்க முயன்றுகொண்டிருந்தார். நான் மரத்தடியிலேயே நின்றேன். மகள் விழித்து, அவள் அம்மா கண்ணாடியை இறக்கும்போது, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டும். அதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றிருந்தது. என் வண்டியில் இதுவரை யாரும் தூங்கியதில்லை.